ராஜா ஆனால்தான் ரிவர்ஸ்

டயர் கடைக்கு மேலே, மாடியில், ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இருந்தது. மொத்தச் சொத்து ஒரு கார், ஒரு கரும்பலகை, உட்கார்ந்தால் கிரீச்சிடும் சில நாற்காலிகள். ஆட்கள் மூன்று பேர். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அக்கா. பள்ளி அவளுடையது, மாணவர்களும் தெருவில் இருந்தவர்களும் அவளைவிட வயதானவர்களும்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சாலை விதிகளைக் கற்றுக்கொடுத்தவர் அவள் கணவர். அவரை எல்லோரும் வாத்தியார் என்றார்கள். முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி இருந்தால் என்ன அர்த்தம், வட்டத்துக்குள் இருந்தால் என்ன அர்த்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வியர்க்கும் என்பார். மூன்றாவது ஆள் அக்காவின் தம்பி. காரைக் கழுவுவது, ரிப்பேர் பார்ப்பது, மாணவர்கள் எங்காவது இடித்துக்கொண்டு வந்தால் பம்பரைத் தட்டி நிமிர்த்துவது எல்லாம் அவன் பொறுப்பு. வாத்தியார் அவனை மச்சான் என்று கூப்பிட, மாணவர்களும் அப்படியே கூப்பிட, கடைசியில் அவன் எல்லோருக்கும் மச்சான் ஆகிவிட்டான்.

ஒரே கார் என்பதால் ஒருவர் ஓட்டும்போது மற்றவர்கள் மாடியில் காத்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று மச்சான் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு செக்கர்ஸ் பலகையை வாங்கிப் போட்டான். கொஞ்ச நாளில் காய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிறகு ஒரு கட்சிக்குச் சோடா மூடி, இன்னொரு கட்சிக்குக் கீழே டயர் கடையில் தூக்கிப்போட்ட சக்கர நட்டு என்று ஆயிற்று.

ஆட்டம் எளிமையானதுதான். காய்கள் கறுப்புக் கட்டங்களில் சாய்வாக நகரும், முன்னால் மட்டும் போகும். எதிராளியின் காயைத் தாண்டிக் குதித்தால் அது வெட்டு. எதிர்ப்பக்கத்துக் கடைசி வரிசையைத் தொட்ட காய் ராஜா. அதன் தலையில் இன்னொரு காயை ஏற்றி வைப்பார்கள். பின்னால் வரும் உரிமை ராஜாவுக்கு மட்டும்தான். இவ்வளவு வரைக்கும் யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு ஒரு மத்தியானம் வந்தது. வாத்தியார் ஒரு மூடியை வேண்டுமென்றே கொண்டுபோய் மச்சான் எதிரில் நிறுத்தினார். அதை அவன் வெட்டினால் பதிலுக்கு அவனுடைய நட்டுகளில் இரண்டை வாரிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். மச்சான் வெட்டவில்லை. வேறு ஏதோ மூலையில் ஒரு நட்டை நகர்த்திவிட்டுக் காது குடைய ஆரம்பித்தான்.

“வெட்டு மச்சான்.”

“எதுக்கு?”

“வெட்ட வழி இருந்தா வெட்டியே ஆகணும். அதான் ஆட்டம்.”

“யாரு சொன்னா? எங்க வீட்டுல இஷ்டம் இருந்தா வெட்டுவோம், இல்லன்னா விட்டுருவோம்.”

“எங்க வீட்டுல வெட்டாம விட்டா அந்தக் காயைப் பிடுங்கி வெச்சுருவோம்.”

“உங்க வீட்டுல பிடுங்கறதுக்குக் கேக்கணுமா மாமா? எங்க அக்காவையே பிடுங்கிட்டுப் போயிட்டீங்க.”

“அதை எதுக்கு இப்ப நடுவுல இழுக்கற? உங்க அக்கா அவளா இஷ்டப்பட்டு வந்தா.”

“அப்ப அங்க மட்டும் இஷ்டம், இங்க கட்டாயமா?”

பதில் வராதபோது வாத்தியாருக்குக் கோபம் வரும். பலகையைக் கவிழ்த்தார். நட்டுகள் படியில் உருண்டு டயர் கடை வரைக்கும் போயின. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. ராத்திரி சாப்பாட்டின்போது வாத்தியார் சுவரைப் பார்த்து, “உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு” என்பார். மச்சான் கூரையைப் பார்த்து, “இஷ்டம் இருந்தாத் தள்றேன்னு சொல்லுக்கா” என்பான். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து அக்கா உப்பைத் தள்ளினாள். நாள் முழுக்கப் புதுசாக ஓட்டுபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து தன் பக்கத்துத் தனிப் பிரேக்கை மிதித்து மிதித்து அவள் வலதுகால் மரத்துப் போயிருக்கும். வீட்டுக்கு வந்தும் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: “எங்க வீட்டு ஆட்டமும் வேணாம், உங்க வீட்டு ஆட்டமும் வேணாம். யார் வீட்டுலயும் இல்லாத ஆட்டமா ஒண்ணு கண்டுபிடிச்சு விளையாடித் தொலைங்க. இல்லன்னா அந்தப் பலகையைக் காருக்கு அடியில வெச்சு ஏத்திருவேன்.”

அவள் எரிச்சலில் சொன்னாள். அவர்கள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் வந்தது ஒருவழி ஆட்டம். பலகையின் ஒரு வரிசையில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டார் வாத்தியார். அந்த வரிசையில் எந்தக் கட்சிக் காயாக இருந்தாலும் அம்பு காட்டும் திசையில்தான் போக வேண்டும். அரை மணியில் எல்லாக் காய்களும் ஒரே மூலையில் போய்க் குவிந்தன. அடுத்தது சிக்னல் ஆட்டம். மூன்றாவது ஆள் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு, பச்சை என்று மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். பச்சையில் மட்டும் காயைத் தொடலாம். சிக்னலாக உட்கார்ந்த ஒரு மாணவர், தையல்காரர், சிவப்பு சொன்ன கையோடு தூங்கிப்போனார். அவரை எழுப்புவது விதிமீறலா இல்லையா என்று தெரியாததால் இரண்டு பேரும் அவர் விழிக்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ரவுண்டானா ஆட்டம்: நடுவில் இருக்கும் நான்கு கட்டங்களுக்குள் போன காய் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், வெளியே வர யாராவது வழிவிட வேண்டும். யாரும் வழிவிடவில்லை. பார்க்கிங் ஆட்டத்தில் முதலில் நகர்த்துபவர் தோற்றார் என்று அர்த்தம். அந்த ஆட்டம் ஒருபோதும் முடியவில்லை. பலகை வேண்டியிருந்ததால் அதை அப்படியே ஓர் அட்டைக்கு மாற்றி அலமாரி மேல் வைத்தார்கள்.

ஆட்டத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். பலகையைவிட்டு எழுந்தால் பழையபடி சுவரும் கூரையும்தான். எந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தாலும், நடுவில் எங்காவது ஒரு காய் இன்னொரு காயைத் தாண்டும் நிலைமை வரும். அப்போது ஒருவர், “வெட்டியே ஆகணும்” என்பார். மற்றவன், “இஷ்டம்” என்பான். உடனே அந்த ஆட்டத்தை ஒதுக்கிவிட்டு அடுத்ததைக் கண்டுபிடிப்பார்கள்.

மாணவர்களுக்கு இது பிடித்துப்போயிற்று. ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஆடக் கற்றுக்கொண்டார்கள். அக்கா கீழே காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பாள்.

“அஞ்சு நிமிஷம்க்கா!” என்று மேலே ஜன்னலிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்ப்பாள். “ரவுண்டானாவுல மாட்டிக்கிட்டேன்!”

இந்த மாணவர்களில் ஒருவர் பேக்கரிக்காரர். நல்ல மனிதர். உருண்டையாக, அமைதியாக இருப்பார். சட்டையின் மடிப்புகளில் எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும். ரொட்டி கொண்டுபோய்ப் போட ஒரு வேன் வாங்கி வைத்திருந்தார். உரிமம் இல்லாததால் வேன் கடை வாசலில் நின்று தூசி தின்றுகொண்டிருந்தது. முன்னால் ஓட்டுவதில் அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. ரிவர்ஸ்தான் வராது. பின்னால் திரும்பிப் பார்த்தாரானால் இடதுகை எது, வலதுகை எது என்று குழம்பிவிடும். கார் தண்ணீரில் விட்ட காகிதம் மாதிரி எங்கேயோ போகும். அதனாலேயே தேர்வில் பலமுறை தோற்றிருந்தார். ஒவ்வொரு முறையும் அக்காவிடம் வந்து அவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

கடைசியாகத் தோற்ற அன்று அவர் மாடியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மச்சானுக்குப் பாவமாக இருந்தது. தோளைத் தட்டி, “விடுங்கண்ணே. நீங்க இன்னும் ராஜா ஆகல, அவ்வளவுதான். ராஜா ஆனாத்தானே பின்னால வர முடியும்?” என்றான்.

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை. பலகையையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஆமா, இது ஏன் எனக்கு இத்தனை நாளாத் தோணல?” என்று எழுந்து போனார். அன்றைக்கு அவர் நடையில் ஒரு நிம்மதி இருந்தது.

அடுத்த தேர்வுக்கு மூன்று பேருமே கூடப் போனார்கள். அக்கா காரைக் கொண்டுபோனாள். வாத்தியார் தைரியம் சொல்லப் போனார். மச்சான், வழியில் கார் நின்றுவிட்டால் தள்ள. தையல்காரருக்கும் நர்ஸுக்கும் அன்றைக்கே தேர்வு என்பதால் அவர்கள் வேறு ஒரு பள்ளியின் கார்களில் இடம் பிடித்து வந்திருந்தார்கள்.

உரிம அலுவலகத்தின் பின்னால் பெரிய மைதானம். சதுரம் சதுரமாகக் கான்கிரீட் போட்ட தரை. ஒரு பாளத்துக்குத் தார் பூசியிருந்தார்கள், அடுத்ததை விட்டுவிட்டார்கள், அதற்கடுத்ததற்குப் பூசியிருந்தார்கள். ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை. தேர்வு நடத்தும் இன்ஸ்பெக்டர் ஒல்லியாக, குடையும் கையுமாக இருந்தார். அவர் வாயிலிருந்து ‘போ’, ‘நில்’, ‘ரிவர்ஸ்’, ‘இறங்கு’ தவிர வேறு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

பேக்கரிக்காரர் காரில் ஏறினார். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“போ.”

கார் நகர்ந்தது. நேராகப் போகாமல் ஒரு தார்ப் பாளத்தின் மூலையிலிருந்து அடுத்த தார்ப் பாளத்துக்குச் சாய்வாகப் போய் நின்றது. பிறகு மறுபக்கம் சாய்ந்து அடுத்ததற்கு. வேலி ஓரமாக நின்றிருந்த வாத்தியார், “நல்லாத்தான் இருந்தாரு, என்ன ஆச்சு இவருக்கு?” என்றார். மச்சானுக்குப் புரிந்துவிட்டது. அவன் மெதுவாக அக்காவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

மைதானத்தின் நடுவில் இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது. “ரிவர்ஸ்.”

“முடியாது சார்,” என்றார் பேக்கரிக்காரர் மரியாதையாக.

“ஏன்?”

“இன்னும் கடைசி வரிசைக்குப் போகலையே சார். சாதாரணக் காய் எப்படிப் பின்னால வரும்?”

காரின் கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கி, குடையை விரித்து, வேலியை நோக்கி நடந்து வந்தார். பள்ளியை இழுத்து மூடிவிடுவார் என்றே நினைத்தாள் அக்கா.

“இவருக்கு இதைச் சொல்லிக்குடுத்தது யாரு?”

வாத்தியார் மச்சானைக் காட்டினார். மச்சான் வாத்தியாரைக் காட்டினான்.

“ஸ்கூல் என்னுது சார். எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க,” என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். “ராஜா ஆனதுக்கு அப்புறம் ஒரு கட்டம்தான் நகரலாமா, இல்ல நீளமா எவ்வளவு வேணா போகலாமா?”

“ஒண்ணுதான்,” என்றார் வாத்தியார்.

“ரெண்டு போகலாம் சார்,” என்றான் மச்சான்.

“எங்க வீட்டுல நீளமாப் போகலாம்,” என்றார் இன்ஸ்பெக்டர். சொல்லிவிட்டு மைதானத்தின் பக்கம் திரும்பினார். “இந்த உத்தியோகத்துக்கு வந்ததுலேர்ந்து தினமும் இந்தத் தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். யார்கிட்ட சொல்ல முடியும் சொல்லுங்க? சொன்னா மறை கழண்டுடுச்சும்பாங்க. இது செக்கர்ஸ் பலகைன்னு இவரு ஒருத்தருதான் கண்டுபிடிச்சாரு.”

பிறகு குடையால் பேக்கரிக்காரரின் காரைக் காட்டினார்.

“இவரை நான் ஃபெயில் பண்ணலாம். ஆனா இவரு சொன்னதுல தப்பு இல்ல. ராஜா ஆகாத காய் பின்னால வரக்கூடாது. அதனால முறைப்படி ராஜா ஆகட்டும். அதுக்கு அப்புறம் ரிவர்ஸ் பாக்கறேன்.”

தேர்வுக்காக வரிசையில் நின்ற கார்களை எல்லாம் அவர் உள்ளே வரச் சொன்னார். ஆளுக்கு மூன்று கார். விளக்குப் போட்ட கட்சி வாத்தியாருடையது, போடாத கட்சி மச்சானுடையது. பேக்கரிக்காரரும் தையல்காரரும் வாத்தியார் பக்கம். நர்ஸ் மச்சான் பக்கம். இன்ஸ்பெக்டர் நடுவராக வெளியே நின்றதால் பேக்கரிக்காரர் பக்கத்தில் அக்கா ஏறிக்கொண்டாள். எதற்கு ஏறினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆனால் காரில் ஒரு பிரேக் அவள் காலடியில் இருந்தது; அதை விட்டுவிட்டு வெளியே நிற்க மனசு வரவில்லை.

முதல் சிக்கல், ஒரு காரை இன்னொரு கார் எப்படித் தாண்டும் என்பது. மச்சான் யோசனை சொன்னான்: வெட்டுப்படும் கார் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட வேண்டும், வெட்டும் கார் கடந்து போனதும் மைதானத்தைவிட்டு வெளியேற வேண்டும்.

“சாகப் போறவன் ஒதுங்கி வழி வேற விடணுமா?” என்றார் வாத்தியார்.

“ரோட்டுல அதுக்குப் பேரு மரியாதை,” என்றார் இன்ஸ்பெக்டர். அது சட்டமாயிற்று.

ஆட்டம் தொடங்கியது. வாத்தியாரும் மச்சானும் மைதானத்தின் இரு முனைகளிலும் நின்று கத்தினார்கள். நர்ஸின் கார் சீக்கிரமே வெட்டுப்பட்டது. அவள் ஒதுங்கி வழிவிடவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டு, “நான் சிக்னலை மீறினேனா, யாரையாவது இடிச்சேனா? எதுக்கு என்னை வெட்டறீங்க?” என்று நியாயம் கேட்டாள். இன்ஸ்பெக்டர் குடையால் வெளியே கை காட்டியதும், அழகாக இண்டிகேட்டர் போட்டுத் திரும்பி வெளியேறினாள். அந்தத் திருப்பத்துக்காகவே அவளுக்கு அந்த இடத்திலேயே தேர்ச்சி கொடுத்தார் இன்ஸ்பெக்டர். அதைப் பார்த்த மற்றவர்கள் தங்களையும் சீக்கிரம் வெட்டும்படி ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். வாத்தியாருடைய மூன்றாவது கார் தானாகவே போய் மச்சானின் காருக்கு முன்னால் நின்று வெட்டு வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாக வெளியே போயிற்று.

இப்படி ஆளுக்கு இரண்டு கார் மிஞ்சின. அப்போது வந்தது அந்த நிலைமை.

பேக்கரிக்காரர் கடைசி வரிசைக்கு ஒரு பாளம் முன்னால் நின்றிருந்தார். இன்னும் ஒரு நகர்த்தல், ராஜா. ஆனால் கடைசி வரிசையில் பக்கவாட்டில் மச்சானின் கார் ஒன்று காத்திருந்தது. வாத்தியார் இந்த முறை பேக்கரிக்காரரை நகர்த்தாவிட்டால் அது அவரை வெட்டிவிடும். அதே சமயம் மைதானத்தின் அந்தக் கோடியில், தையல்காரரின் காருக்கு எதிரே வெட்டுவதற்கு மச்சானின் மற்றொரு கார் வாகாக நின்றுகொண்டிருந்தது. அதை வெட்டினால் முறை அதிலேயே போய்விடும். பேக்கரிக்காரர் கதை முடியும்.

வாத்தியார் கையை வாயருகே குவித்துக் கத்தினார்: “பேக்கரி! முன்னால போங்க!”

“அதெல்லாம் கிடையாது!” என்று மச்சான் குதித்தான். “தையல்காரருக்கு வெட்டு இருக்கு! வெட்ட வழி இருந்தா வெட்டியே ஆகணும்!”

“அதெல்லாம் இஷ்டம் மச்சான்! இஷ்டம் இருந்தா வெட்டலாம், இல்லன்னா விட்டுரலாம்!”

காரின் ஜன்னல் வழியே அக்கா தலையை வெளியே நீட்டினாள். “ஏங்க, இப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க.”

“இஷ்டம் இருந்தா...” என்று ஆரம்பித்த வாத்தியார் அப்படியே நிறுத்தினார்.

“டேய், நீ?”

“வெட்டியே ஆக...” மச்சானின் குரல் உள்ளே போய்விட்டது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். அப்படிப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. மச்சான் காலால் தரையைக் கீறினான். ஆனால் யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அப்போது பேக்கரிக்காரர், “இவங்க முடிக்க மாட்டாங்கக்கா. நான் போறேன்,” என்று சொல்லிவிட்டுக் காரை நகர்த்திக் கடைசி வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“சார்!” என்று மச்சான் அலறினான். “காய் தானா நகருது சார்!”

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்தார். “ஆட்டக்காரங்க சண்டை போட்டுக்கிட்டு நிக்கும்போது காய் தானா நகரலாம். எங்க வீட்டுல அப்படித்தான்,” என்றார்.

எதிராளிதான் ராஜாவுக்குக் கிரீடம் வைக்க வேண்டும். மச்சான் சுற்றிலும் பார்த்தான். ஓரத்தில் கிடந்த ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றை, சாலையில் தடுப்புக்கு வைப்பார்களே அதை, தூக்கிக்கொண்டு போனான். முணுமுணுத்துக்கொண்டுதான் போனான். ஆனால் கார் அருகே போய், உள்ளே பேக்கரிக்காரர் கண்ணை மூடிக் கைகட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. கூம்பைச் சட்டையால் துடைத்து, இரண்டு கையாலும் பிடித்து, காரின் கூரை மேல் நடுவாகப் பார்த்து வைத்தான். “ஆச்சு அண்ணே,” என்றான் மெதுவாக.

பேக்கரிக்காரர் கண்ணைத் திறந்தார். முதுகை நிமிர்த்தினார். கியரை ரிவர்ஸில் போட்டுவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அக்காவின் கால் பிரேக் மேல் இருந்தது. அதை அழுத்த வேண்டிய தேவையே வரவில்லை. அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை இழுப்பது மாதிரி, ஒரே சீராக, மூலையிலிருந்து மூலைக்கு, கார் பின்னால் வழுக்கிக்கொண்டு வந்தது. குறுக்கே நின்ற மச்சானின் கார் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டு வெளியேறியது.

“அக்கா,” என்றார் பேக்கரிக்காரர், “பின்னால இவ்வளவு இடம் இருக்குதாக்கா!”

பாதி மைதானம் வந்தபோது காற்றடித்தது. கூம்பு சரிந்து, பானட் மேல் உருண்டு, தரையில் விழுந்தது. பேக்கரிக்காரர் சடாரென்று பிரேக் போட்டார்.

“என்ன ஆச்சு? வாங்க!” என்றாள் அக்கா.

“கிரீடம் விழுந்துடுச்சுக்கா. நான் இப்ப வெறும் காய்.”

“அய்யோ, வண்டி எடுங்க!”

“எப்படிக்கா எடுக்கறது? கையெல்லாம் குழம்புது. இடது எதுன்னே தெரியல.”

அக்கா இறங்கினாள். கூம்பை எடுத்து வந்து கூரையில் வைத்தாள். உள்ளே வந்து உட்கார்ந்து, ஜன்னல் வழியே ஒரு கையை வெளியே நீட்டி, கூம்பு விழாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “இப்ப ராஜாதான். போங்க,” என்றாள். கார் மறுபடியும் சீராகப் பின்னால் நகர்ந்தது. வேலி ஓரம் நின்ற கணவரையும் தம்பியையும் அவள் கடந்து போனாள், கூம்பைப் பிடித்தபடி, பின்னோக்கி. இரண்டு பேரும் வாய் பிளந்து பார்த்தார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் அவளுக்கு எங்கிருந்தோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கார் தொடங்கிய இடத்துக்கே வந்து, கோட்டுக்குள் கச்சிதமாக நின்றது.

“இறங்கு,” என்றார் இன்ஸ்பெக்டர். பேக்கரிக்காரரின் தாளில் ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தையல்காரர், இன்னும் வெட்டாமலும் வெட்டுப்படாமலும் மூலையில் நின்றவர், காருக்குள் தூங்கிப்போயிருந்தார். அவரை மட்டும் அடுத்த வாரம் வரச் சொன்னார்.

திரும்பும்போது வாத்தியாரும் மச்சானும் பின் சீட்டில் இருந்தார்கள். பாதி வழியில் வாத்தியார், சுவரும் இல்லாமல் கூரையும் இல்லாமல், நேராகவே சொன்னார்: “மச்சான், கொஞ்சம் நகரு. கால் வைக்க இடமில்ல.”

மச்சான் நகர்ந்தான். “மாமா, ராஜா நீளமாப் போறதைப் பாத்தீங்கல்ல? நல்லாத்தான் இருக்கு.”

“நல்லா இருக்கறது வேற, முறைங்கறது வேற.”

அடுத்த சிக்னலுக்குள் இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா கண்ணாடியில் பார்த்தாள். பேசாமல் இருந்ததைவிட இது மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

பேக்கரிக்காரர் அந்தக் கூம்பை இன்ஸ்பெக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது வேனைப் பின்னால் எடுக்க வேண்டுமென்றால் இறங்கி, கூம்பைக் கூரையில் வைத்து, ஒரு கயிற்றால் கட்டிவிட்டு எடுக்கிறார். வேலை முடிந்ததும் அவிழ்த்து உள்ளே வைத்துக்கொள்கிறார். பின்னால் காத்திருக்கும் வண்டிக்காரர்கள் முதலில் ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். அவர் ஆளுக்கு ஒரு சூடான ரொட்டியைக் கொடுக்க ஆரம்பித்ததும், அவர் ரிவர்ஸ் எடுக்கும் நேரம் பார்த்து அந்தத் தெருவுக்கு வருகிறார்கள்.

அந்த வாரமே, வேறு பள்ளிகளில் படித்துத் தோற்றவர்கள் எல்லாம் மாடிப்படியில் வரிசை கட்டினார்கள். எல்லோருக்கும் ராஜா ஆக வேண்டும். அக்கா படியின் உச்சியில் நின்று, “இங்க கார் ஓட்டத்தான் சொல்லிக்குடுப்போம். ராஜா ஆகறவங்க கீழ போகலாம்,” என்றாள். பலகையையும் நட்டுகளையும் மூடிகளையும் டயர் கடைக்கு அனுப்பினாள். வகுப்பு முடிந்தால் வாத்தியாரும் அங்கேதான். கார் நன்றாக இருந்தால் மச்சானும் அங்கேதான். டயர் கடைக்காரர் மாதக் கடைசிவரை பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு டயரை உருட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இதற்கு நடுவில் ஒருநாள் காலையில் ஒரு பெண்மணி மாடியேறி வந்தார். நரைத்த தலை, நல்ல உயரம், கைப்பையை மார்போடு அணைத்திருந்தார்.

“என் வீட்டுக்காரர் உங்களைத்தான் சொன்னாரு. லைசன்ஸ் ஆபீஸ்ல இன்ஸ்பெக்டரா இருக்காரு,” என்றார். “அவரே எனக்குக் கத்துக்குடுக்கப் பாத்தாரு. ரெண்டு நாளா நாங்க பேசிக்கறதில்ல.”

“உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?”

“வேணாம். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். எனக்கு எந்த விளையாட்டும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம். கட்டம் போட்ட சேலைகூட நான் கட்டறதில்ல.”

அக்கா சாவியை எடுத்தாள். இரண்டு பேரும் கீழே இறங்கி, டயர் கடையிலிருந்து வந்த கூச்சலைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து, காரில் ஏறினார்கள். அந்தப் பெண்மணி கண்ணாடியைச் சரிசெய்து, மூச்சை இழுத்துவிட்டு, கிளட்ச்சை மிதித்தார். கார் ஒருமுறை துள்ளியது, பிறகு அடங்கியது.

“எந்தப் பக்கம் போகணும்?” என்று கேட்டார்.

“நேராப் போங்க,” என்றாள் அக்கா. “ரோடு முடியற வரைக்கும் போகலாம்.”